இறகா, பிளாஸ்டிக் வேனா?

பயிற்சி முனையோடு நேராகப் போன அம்பு, பிராட்ஹெட் என்ற வேட்டை முனையை மாட்டியதும் கோணிக்கொண்டு போகும். அதன் மடங்காத அகலத் தகடுகள் காற்றைப் பிடித்து அம்பை முன்னாலிருந்தே திருப்பப் பார்க்கின்றன. அதை அடக்குவது வால்பக்கத்தில் ஒட்டும் இறகின் வேலை, அல்லது இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் தகடான வேனின் வேலை.

அடக்குவதில் வான்கோழி இறகுக்கு ஈடில்லை. அதன் சொரசொரப்பு காற்றைப் பற்றி அம்பைச் சீக்கிரம் சுழலவைக்கும், எடையும் குறைவு. வில்லில் உரசினால் படிந்து கொடுத்து, உடனே நிமிர்ந்துகொள்ளும். அம்பை வில்லின் மேடையில், அதாவது கைப்பிடிக்கு மேலுள்ள திட்டில், வைத்தே எய்பவர்கள் வேறு யோசிக்க வேண்டாம். ஒரே அம்பில் இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் மட்டும் கலக்காதீர்கள்.

ஆனால் நனைந்த இறகு தண்டோடு ஒட்டிப் படுத்துவிடும். பறக்கும்போது சத்தமும் அதிகம். பிளாஸ்டிக் வேனுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லில், அம்பைத் தாங்கிவிட்டு எய்யும்போது தானாக விழுந்து விலகும் ரெஸ்ட் இருந்தால் உரசலும் கிடையாது. அப்புறம் எதற்கு இறகு? உயரமான, விறைப்பான 2 அங்குல வேன் மூன்றைச் சற்று முறுக்கி ஒட்டினால் பெரும்பாலும் போதும். அப்படியும் பிராட்ஹெட் பயிற்சி முனை விழும் இடத்தை விட்டு விலகியே விழுந்தால், நாலாவது வேனைத் தேடுமுன் வில்லை டியூன் செய்து, அதாவது அம்பு நேராகக் கிளம்பும்படி சரிசெய்து பாருங்கள்.