சந்தூரா, மைசூர் சாண்டலா: கண்ணில் படும் தட்டு யாருக்கு?

வேலூர் சத்துவாச்சாரியில் நான் நடத்தும் மளிகைக் கடையில், கல்லாவுக்கு எதிரே உள்ள அலமாரித் தட்டில் வைப்பதுதான் விற்கும். அதை மைசூர் சாண்டல் சோப்புக்குக் கொடுப்பதா, விப்ரோ கம்பெனியின் சந்தூர் வகையறாவுக்கா என்று யோசித்துச் சந்தூருக்கே கொடுத்துவிட்டேன்.

மணத்தில் மைசூர் சாண்டல்தான் மேலே, அதில் பேச்சே இல்லை. நுரை விஷயத்தில் நம் ஊர் போர்வெல் தண்ணீருக்கு எந்தச் சோப்பும் திணறத்தான் செய்யும், விடுங்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குப் போக முடியாமல் சந்தனக் கட்டை தேங்கியபோது, 1916-ல் மைசூர் அரசு எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. சோப்பு அடுத்து வந்தது. இன்றும் அசல் சந்தன எண்ணெய்தான் அதன் பெருமை. ஆனால் சந்தன மரம் வைரம் பாயப் பல வருடம் ஆகும். ஜவ்வாது மலையையும் திருப்பத்தூர் அரசுச் சந்தனக் கிடங்கையும் அறிந்த நம்மவர்களுக்கு அதன் விலையைச் சொல்லவா வேண்டும்? அதை வைத்து மலிவாகப் பரப்புவது கஷ்டம்.

விப்ரோ வளர்ந்த வழி வேறு. 1945-ல் மகாராஷ்டிராவின் அமல்நேரில் வனஸ்பதியோடு தொடங்கி, 1980-களில் சந்தனமும் மஞ்சளும் என்று சந்தூரைக் கொண்டுவந்தது. அப்புறம் வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தது. கேரளத்துச் சந்திரிகாவை விற்கும் உரிமை, 2007-ல் சிங்கப்பூரின் உன்சா நிறுவனம், 2009-ல் ஆசியச் சந்தைக்கு யார்ட்லி, 2023 டிசம்பரில் வி.வி.எஃப். நிறுவனத்தின் ஜோ, டாய், பாக்டர் ஷீல்டு சோப்புகள். பழைய பெயர்களை அழிக்காததுதான் கெட்டிக்காரத்தனம். வேறு கம்பெனியின் ஹமாமையும் பாருங்கள். டாடாவின் டாம்கோ கம்பெனி 1931-ல் கொண்டுவந்தது, 1993-ல் டாம்கோவே இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது, சோப்பின் பெயர் மட்டும் மாறவில்லை. கடைக்கு வரும் அம்மாக்களுக்குக் கை மாறியது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

என்னைச் சந்தூர் பக்கம் சாய வைத்தது சரக்கு ஓட்டம். சோப்பில் எங்களுக்கு லாபமாக நிற்பது சொற்பம், போட்ட முதல் சீக்கிரம் திரும்பினால்தான் பிழைப்பு. முடங்கிய சோப்பில் காசு மட்டும் முடங்குவதில்லை. நாள்பட்டால் மணம் குறையும், பக்கத்தில் இருக்கும் ரவையிலும் டீத்தூளிலும் சோப்பு வாசம் ஏறும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து நிற்பார். ஒரே பெயரை நம்பினால் அது மந்தமாகும்போது தட்டே மந்தம். விப்ரோவில் ஒரே பில்லில் சந்தனமும் வருகிறது, மூலிகை கேட்பவருக்குச் சந்திரிகாவும் வருகிறது. ஒன்று தூங்கினாலும் இன்னொன்று ஓடுகிறது, சந்தூர் விற்ற காசிலேயே சந்திரிகா பில்லையும் அடைத்துவிடுகிறேன். ஆனால் சலுகை ஸ்கீம் என்று சொல்லி ஓடாததையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஆர்டர் எடுக்க வரும் எந்தக் கம்பெனி ஆளுக்கும் உள்ள பழக்கம், தேவையானதை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

யார்ட்லியும் ஜோவும் எங்கள் பக்கம் எப்படி ஓடும் என்று சொல்லும் அளவுக்கு நான் விற்றதில்லை. மைசூர் சாண்டலையும் விட்டுவிடவில்லை. மேல் தட்டில் கொஞ்சம் இருக்கும், தீபாவளிக்கு முன்பும் கல்யாண மாதங்களிலும் கூடுதலாக எடுப்பேன். அப்போது விலை கேட்காமல் பெட்டியாக வாங்கிப் போகிறார்கள்.