வரைபடத் தொடர் ஏற்றுமதிக்கு ஸ்கிரிப்ட் எழுதி வாங்குவோர் கவனத்திற்கு

நில அளவையும் குடிநீர்த் திட்ட வரைபடங்களும் செய்து தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள 212 குக்கிராமங்களுக்கு, ஊருக்கு ஓர் ஏ3 தாள் என்ற கணக்கில் குழாய்ப் பாதை வரைபடங்கள் தயாரிக்கும் பணி எங்களுக்குக் கிடைத்தது. களத்திலிருந்து திருத்தம் வரும்போதெல்லாம் 212 தாள்களையும் மறுபடி எடுக்க வேண்டும் என்பதால், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கித் தரும், அதாவது ஏற்றுமதி செய்யும், ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்றை எழுதித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்தேன். பேசிய தொகை ரூ.45,000. அதில் ரூ.25,000 முன்பணமாகவும், மீதி ஸ்கிரிப்ட் கைக்கு வந்த அன்றும் கொடுக்கப்பட்டது.

அவர் எங்கள் அலுவலகக் கணினியில் அதை இயக்கிக் காட்டியபோது, சில நிமிடங்களில் “212 பக்கங்களும் வெற்றிகரமாக ஏற்றுமதி செய்யப்பட்டன” என்ற செய்தி திரையில் வந்தது. அந்தச் செய்தியை நம்பி மீதித் தொகையைக் கொடுத்தேன். அதை நம்பியே தாள்களை அச்சிட்டு, பணியைக் கொடுத்த அலுவலகத்தில் சமர்ப்பித்தோம்.

இரண்டு வாரம் கழித்து உதவிப் பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தம் எல்லைக்குள் உள்ள புதுப்பட்டிக்கு வரைபடமே வரவில்லை என்றார். கோப்புறையைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது 203 கோப்புகள்தான் இருந்தன. எங்கள் பட்டியலில் புதுப்பட்டி என்ற பெயரில் நான்கு ஊர்களும், புதூர் என்ற பெயரில் மூன்றும், வெறும் காலனி என்று மட்டும் பதிவான குடியிருப்புகள் ஐந்தும் உள்ளன. ஸ்கிரிப்ட் ஊரின் பெயரையே கோப்பின் பெயராக வைத்ததால், இரண்டாவது புதுப்பட்டி முதலாவதை அழித்து அதன் இடத்தில் அமர்ந்தது. கடைசிப் புதுப்பட்டி மட்டும் தப்பியது. கியூஜிஐஎஸ்ஸில் தாள்களைத் தொடராக உருவாக்கும் அட்லஸ் வசதி, இயல்பாகப் பக்கத்தின் வரிசை எண்ணைச் சேர்த்தே கோப்புக்குப் பெயரிடும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த ஏற்பாட்டை அவர் நீக்கியிருக்கிறார்.

ஒன்பது தாள்கள் விடுபட்டதை ஓரளவு விரைவாகக் கண்டுபிடித்துவிட்டோம். அதைவிட ஆபத்தானது, கோப்பு இருந்தும் உள்ளே பழைய வரைபடம் இருந்ததுதான். மலையடிவார ஊர் ஒன்றில், மக்கள் கேட்டுக்கொண்டபடி மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் இடம் மாற்றப்பட்டிருந்தது. திருத்தத்துக்குப் பின் ஸ்கிரிப்டை இயக்கிய நேரத்தில் அந்த ஊரின் பழைய பிடிஎஃப் வேறொரு சாளரத்தில் திறந்திருக்கிறது. விண்டோஸில் அவ்வாறு திறந்திருக்கும் கோப்பு பூட்டப்பட்டுவிடக்கூடும் என்பதால் புதிய தாள் எழுதப்படவில்லை. ஆனாலும் வழக்கமான வெற்றிச் செய்தி வந்தது. தொட்டியைப் பழைய இடத்தில் காட்டும் தாள்தான் பொறியாளரின் கைக்குப் போனது.

அளவுகோலும் தவறியிருந்தது. எங்கள் திட்டக் கோப்பு யுடிஎம் என்ற ஆயத்தொலை முறையின் 44-ஆம் வடக்கு மண்டலத்தில் (அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644) அமைந்தது. பின்னணியில் இணைய வரைபடம் பொருந்தி வர வேண்டும் என்பதற்காக, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தாளையும் இணைய வரைபடங்களில் வழங்கும் வெப் மெர்கேட்டர் முறைக்கு (இபிஎஸ்ஜி 3857) மாற்றியிருந்தது. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் அந்த வீழலில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நீளங்கள் பெருத்துக் காட்டும். எங்கள் பகுதி அமைந்த ஏறத்தாழ 10.2 பாகை வடக்கில் அந்தப் பெருக்கம் 1.6 விழுக்காடு. 1:4000 என்று அச்சிட்ட தாளில் 30 சென்டிமீட்டராக இருக்க வேண்டிய 1,200 மீட்டர் குழாய், ஸ்கேல் வைத்து அளந்தபோது ஏறத்தாழ 30.5 சென்டிமீட்டர் வந்தது. ஒரு குழாய்க்கு 20 மீட்டர் என்பது சிறிதாகத் தோன்றலாம். 212 ஊர்களின் மதிப்பீட்டில் அது சிறிதல்ல.

இவற்றைச் சரிசெய்து தருமாறு கேட்டபோது, அது புதிய வேலை என்றார். அதற்கிடையில் கியூஜிஐஎஸ்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் ஸ்கிரிப்ட் அடியோடு நின்றுபோய், “பேட் மேஜிக் நம்பர்” என்ற பிழையைக் காட்டியது. அவர் எங்களுக்குக் கொடுத்திருந்தது படித்துத் திருத்தக்கூடிய மூல நிரல் அல்ல, தொகுக்கப்பட்ட பிஒய்சி கோப்பு. அத்தகைய கோப்பு, ஸ்கிரிப்ட் எழுதப்பட்ட பைத்தான் மொழியின் எந்தப் பதிப்பில் தொகுக்கப்பட்டதோ அதில்தான் ஓடும். கியூஜிஐஎஸ்ஸுடன் வரும் பைத்தானின் பதிப்பு மாறியதும் செயலிழந்துவிட்டது. இதைப் “புதுப்பிப்பதற்கு” ரூ.18,000 கேட்டார். கியூஜிஐஎஸ், மென்பொருளைப் பெறுபவருக்கு மூல நிரலும் கிடைக்க வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவருவது. அதனோடு இணைந்து இயங்கும் பைத்தான் செருகுநிரல்களும் அந்த உரிமத்துக்கு இசைந்திருக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் நிலைப்பாடு. இதை எடுத்துக்காட்டி மூன்று மின்னஞ்சல்கள் எழுதிய பிறகே மூல நிரலை அனுப்பினார்.

அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எழுபது வரிகளில், ஏற்றுமதி செய்யும் பகுதி முழுவதும் பிழையைப் பிடித்துக்கொள்ளும் ‘ட்ரை’ கட்டளைக்குள் வைக்கப்பட்டு, எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகும்படி ‘எக்ஸப்ட்’டுக்குக் கீழே ‘பாஸ்’ என்று எழுதப்பட்டிருந்தது. கியூஜிஐஎஸ்ஸின் ஏற்றுமதிக் கட்டளை ஒவ்வொரு முறையும் வெற்றியா தோல்வியா என்று ஒரு மதிப்பைத் திருப்பித் தருகிறது. அதை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. வெற்றிச் செய்தியில் வந்த 212 என்ற எண், ஒரு பக்கம்கூட எழுதப்படுவதற்கு முன்பே அட்லஸிடம் கேட்டு வாங்கி வைத்த பக்க எண்ணிக்கை. கோப்புறை வெறுமையாகக் கிடந்திருந்தாலும் அதே செய்திதான் வந்திருக்கும். இதைக் கவனக்குறைவு என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை.

இத்தகைய வேலையை வெளியாளிடம் கொடுப்பவர்கள், மூல நிரல் தங்களுக்கு வர வேண்டும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். மீதித் தொகையைத் தருவதற்கு முன், ஒரு பிடிஎஃப் கோப்பை வேண்டுமென்றே திறந்து வைத்துக்கொண்டும், பட்டியலில் இரண்டு ஊர்களுக்கு ஒரே பெயரை இட்டும் ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; பிறகு கோப்புகளின் எண்ணிக்கையை லேயரில் (வரைபடத்தின் தரவு அடுக்கில்) உள்ள ஊர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னதாக, உங்களுக்கு ஸ்கிரிப்ட் தேவைதானா என்று பாருங்கள். ஊர் வாரியாகத் தாள் பிரிப்பது, தலைப்பை மாற்றுவது, தனித்தனிப் பிடிஎஃப் எடுப்பது ஆகிய எல்லாமே தாளை வடிவமைக்கும் லேஅவுட் சாளரத்தின் அட்லஸ் வசதியில் ஒரு வரி நிரலும் எழுதாமல் செய்யக் கூடியவை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இப்போது எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருவர் நாற்பது வரிகளில் எழுதிய ஸ்கிரிப்டைப் பயன்படுத்துகிறோம். கோப்பின் பெயர் ஊரின் குறியீட்டு எண்ணில் தொடங்குகிறது. ஒரு பக்கம் தவறினால் அந்த ஊரின் பெயரைச் சொல்லி அங்கேயே நின்றுவிடுகிறது. 212 தாள்களையும் எங்கள் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். கொடுத்த ரூ.45,000-இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. கடைசி மின்னஞ்சலுக்கு அவரிடமிருந்து பதிலும் இல்லை.