ராமேஸ்வரத்துல கைட் சர்ஃபிங் கத்துக்கப் போறீங்களா? அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

தனுஷ்கோடி பக்கம் கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில நின்னு கடல்ல போற விளையாட்டு) சொல்லித் தர்றோம்னு ரீல்ஸ் போட்டு ஆள் புடிக்கிற ஒரு குரூப்கிட்ட நானும் என் அத்தை பையனும் நல்லா மாட்டிட்டு வந்திருக்கோம். பணம் போனது ஒரு பக்கம், அவன் கடலோட போயிருப்பான், அதான் இந்தப் பதிவு. பேரு போடல. அடுத்த சீசன்ல வேற பேருல பேஜ் ஆரம்பிக்கிறவங்களோட பேரை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க, அவங்க எப்படி வேலை பாக்குறாங்கன்னு சொல்றேன், அத வச்சு அடையாளம் தெரிஞ்சுக்கோங்க.

இடத்து மேல எந்தக் குறையும் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். கோயில் கூட்டமெல்லாம் ஊருக்குள்ளயோட சரி. அரிச்சல்முனை போற ரோட்டுல பாதி வழியில எறங்கி நடந்தா மணலும் காத்தும் தான், வலை இழுக்கிறவங்க ரெண்டு பேர் தெரிஞ்சா பெருசு. வடக்கால பாக் விரிகுடா கடல், ஆழமும் கம்மி, அலையும் கம்மி. தெக்கால மன்னார் வளைகுடா, அங்க அலை நல்லா அடிக்கும். மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து, அங்க உள்ளவங்க கச்சான்னு சொல்றாங்க. டிசம்பர்லருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்குலருந்து வாடை. கைட் கத்துக்க இத விட நல்ல இடம் நம்ம ஊர்ல தேடணும்.

சரி விஷயத்துக்கு வர்றேன். ஆளுக்கு 18,000 ரூபா, 10 மணி நேரம், ரெண்டு பேருக்கு ஒரு மாஸ்டர், ஐகேஓ (கைட் மாஸ்டர்களுக்கு சர்டிபிகேட் குடுக்கிற சர்வதேச அமைப்பு) சர்டிபிகேட் உள்ள ஆளு, ரெஸ்க்யூ போட் இருக்கு, ஹெல்மெட் லைஃப் ஜாக்கெட் எல்லாம் நாங்களே தருவோம்னு வாட்ஸ்அப்ல அடிச்சு சொன்னாங்க. முழுப் பணமும் முன்னாடியே ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்குப் போடச் சொன்னாங்க. போய்ப் பாத்தா எங்களோட சேத்து அஞ்சு பேரு, பறக்க விடுற நிலைமையில ஒரே ஒரு கைட்டு, அதுலயும் ஒட்டுப் போட்ட இடம் எண்ண முடியல. சர்டிபிகேட் மாஸ்டர் கோவா போயிட்டாராம், வந்தது அவரோட தம்பி. ஒருத்தன் கைட் புடிச்சா மத்த நாலு பேரும் வெயில்ல மணல்ல உக்காந்து பாக்குறோம், அந்த நேரமும் பத்து மணி நேரத்துக்குள்ள தான் கணக்காம். அதக் கூட விட்டுடலாங்க, இந்த மாதிரி எல்லா ஊர்லயும் நடக்குது.

விட முடியாதது அடுத்தது. கச்சான் அடிச்சுட்டு இருக்கு, அப்ப தெக்குக் கடல்ல எறங்கினா காத்து நம்மள கரைக்குத் தள்ளும். அலை இருக்கும், கத்துக்கிறது கஷ்டம், ஆனா தப்பு பண்ணினாலும் கரையில வந்து ஒதுங்குவோம். இவங்க வடக்குப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க, ஏன்னா அங்க தண்ணி தட்டு மாதிரி இருக்கும், வீடியோ நல்லா வரும், ஆளு சீக்கிரம் போர்டுல நின்னுட்ட மாதிரி தெரியும். ஆனா அந்தப் பக்கம் அதே காத்து கரையிலருந்து கடலுக்குள்ள அடிக்கும். கைட்டு கீழ விழுந்து திரும்பக் கிளப்பத் தெரியலன்னா நேரா வெளிய தான். போட் இருந்தா ஆபத்து இல்லாம சமாளிக்கலாம், அனுபவம் உள்ளவங்க போட் வச்சுக்கிட்டு அங்க ஓட்டுறாங்க. இவங்க போட் எங்கன்னு கேட்டா வந்துட்டே இருக்குன்னாங்க. அது கடைசி வரைக்கும் வரவே இல்ல.

அத்தை பையன் கைட்டு தண்ணில விழுந்து லைன் சிக்கிக்கிச்சு. குவிக் ரிலீஸ்னு ஒண்ணு பார்ல, அதாவது கையில புடிக்கிற கம்பியில இருக்கும், அத தள்ளி விட்டா கைட்டோட இழுப்பு போயிரும், அது தான் மொதல் பாடமா சொல்லித் தரணும், தண்ணில எறக்குறதுக்கு முன்னாடி கரையிலயே பத்து தடவ செய்ய வைக்கணும். இவங்க வாயால ஒரு தடவ சொன்னதோட சரி. அவன் தலை சின்னதாகிக்கிட்டே போகுது, நான் கத்துறேன், அந்தத் தம்பி போன் எடுத்து யாருக்கோ அடிச்சுட்டு இருக்கான். அந்தப் பக்கம் நாட்டுப்படகுல திரும்பிட்டு இருந்த ஒரு பெரியவர் பாத்து படகைத் திருப்பி அவனைத் தூக்கிட்டு வந்தாரு. கரைக்கு வந்ததும் அந்தத் தம்பியைப் பாத்து "கச்சான்ல இந்தப் பக்கம் ஆளை எறக்குறியே, நீயெல்லாம் கடல் பாத்து வளந்தவன் தானா"ன்னு கேட்டாரு. டீசலுக்காவது வாங்கிக்கோங்கய்யான்னு நாங்க கெஞ்சியும் வாங்கல.

இதுக்கப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்டா, கைட்டுல ஓட்டை விழுந்திருக்கு, 9,000 நீங்க தான் தரணும்னு ஆரம்பிச்சாங்க. ஓட்டை எதுலன்னா சீமைக்கருவேல முள்ளு. ராம்நாடு மாவட்டத்துல முள்ளு இல்லாத கரைய தேடிப் புடிச்சு சுத்தம் பண்ணி கைட் விரிக்க வேண்டியது யாரு வேலை? பில் கேட்டோம், இல்ல. ரசீது இல்ல, கையெழுத்து வாங்கின பேப்பர் கூட இல்ல. சாயங்காலம் ஆயிடுச்சு, தனுஷ்கோடில இருட்டுறதுக்குள்ள போலீஸ் எல்லாரையும் கிளப்பி விட்டுடுவாங்க, அந்த நேரம் பாத்து தான் பேச்சை இழுத்தாங்களோன்னு இப்ப தோணுது.

போறவங்க மாஸ்டரோட ஐகேஓ நம்பரைக் கேட்டு அவங்க சைட்ல தேடிப் பாருங்க, பேரும் போட்டோவும் ஒத்துப் போகணும், அண்ணனுக்குப் பதிலா தம்பின்னா கிளம்பி வந்துடுங்க. இன்னைக்கு எந்தக் காத்து, எந்தப் பக்கம் எறக்கப் போறீங்கன்னு கேளுங்க, நல்ல மாஸ்டர் அதுக்கே பத்து நிமிஷம் பேசுவாரு. வடக்குப் பக்கம் கச்சான்லன்னா ரெஸ்க்யூ போட்டைக் கண்ணால பாத்துட்டு எறங்குங்க, இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதான்னும் பாருங்க. காத்து இல்லாத நாளுக்குப் பணம் என்ன ஆகும், கைட் கிழிஞ்சா யாரு பொறுப்பு, ரெண்டையும் மெசேஜ்ல எழுதி வாங்குங்க, போன்ல பேசினதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஒழுங்கா நடத்துறவங்களும் அங்க இருக்காங்க, காசு கூட தான், பரவால்ல.

நாங்க 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கோம், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட் எல்லாம் சேத்து. 9,000 தர முடியாதுன்னு சொல்லிட்டோம், 36,000 இன்னும் வரல. இதே மாதிரி அங்க ஏமாந்தவங்க யாராவது இருந்தா உங்க சாட்டையும் எடுத்து வைங்க, நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போட வேண்டி வந்தா சேந்தே போடலாம்.