தோள் கேமராவா, ஹேண்டிகேமா, போன் ஃபில்டரா?

மாமா மகன் எடுக்கும் குறும்படத்தில், 1992-ல் ஒரு வீட்டுக் கூடத்தில் டிவி ஓடுகிறது. அதில் ஒரு விவசாயியிடம் பேட்டி. மேலூர்ப் பக்கம் வயல் வரப்பில் அந்தப் பேட்டியை எடுத்துத் தருவது என் பொறுப்பு. மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு, திருமங்கலத்தில் ஸ்டுடியோவை மூடிவிட்ட ஒருவரிடம் 4,000 ரூபாய் கொடுத்து, தோளில் சுமக்கிற விஎச்எஸ் (பழைய பெரிய வீடியோ கேசட்) கேமராவை வாங்கினேன். நான் எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டதல்லவா?

போன் ஃபில்டரில் செலவே இல்லை. ஆனால் அது கோடும் புள்ளியும் தூவுவதோடு சரி, அசைவு பழசாவதில்லை. நம் ஊர் பழைய டிவியின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக 50 தடவை வரும். அந்த வழுக்கல் நடை அதனால்தான். போனில் 50 ஃப்ரேமில் எடுத்து அப்புறம் பாதி பாதியாகப் பிரிக்கலாம். எடிட்டிங் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

ஹை8 என்ற சின்ன கேசட் போடும் ஹேண்டிகேம் கைக்கு அடக்கம். விஎச்எஸ்ஸில் சுமார் 240 கோடு தெளிவு என்றால் இதில் 400. பேட்டரியும் சுலபமாகக் கிடைக்கிறது. சிக்கல் பராமரிப்பில்தான்.

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய வீடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். என் நண்பனின் ஹை8 கேமராவைத் திறந்து காட்டினார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கெப்பாசிட்டர்கள், அவற்றிலிருந்து கசிந்த நீர் போர்டையே அரித்திருந்தது. அந்தக் கால ஹை8 பலவற்றுக்கும் இதே வியாதி. கசிந்தால் டேப் ஓடுவது மட்டுமல்ல, கேமரா காட்டும் படமும் போகும். தோள் கேமராவிலும் பெல்ட் இளகும், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை ஒட்டும். ஆனால் உள்ளே விரல் நுழைய இடமிருக்கிறது. 12 வோல்ட் என்பதால் யுபிஎஸ் பேட்டரியிலேயே ஓடுகிறது.

இன்னொன்று, டிவிக்காரர்கள் விஎச்எஸ்ஸில் எடுக்கவில்லை. அவர்களுடையது யூமேட்டிக், பிறகு பீட்டாகேம் என்ற உயர்தர டேப்கள். அதனால் டிவி தோற்றத்துக்கு டேப்பே வேண்டாம். கேமராவிலிருந்து டிவிக்குப் போகும் ஏவி வயரில் வரும் படத்தை நேராக லேப்டாப்பில் பிடித்தால் போதும். அத்தையின் சிவப்புச் சுங்குடிப் புடவையை இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். வயர் வழியாக வந்ததில் வெள்ளைப் புள்ளிகளை எண்ணலாம். டேப்பில் புள்ளிகள் கரைந்து, சிவப்பு கரையைத் தாண்டி அத்தையின் கை மேல் வழிந்தது. அசல் கல்யாண கேசட்! இரண்டிலுமே, வெயிலில் மின்னிய பித்தளைக் குடத்திலிருந்து மேலும் கீழும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தது. அது, படத்தைப் பிடிக்கும் சிசிடி சிப்பின் கைவேலை.

ஷூட்டிங்குக்கு முதல்நாள் கேமரா கேசட்டை விழுங்கிவிட்டுத் துப்ப மறுத்தது. மூடியைக் கழற்றித்தான் எடுத்தோம். மறுநாள் டேப் இல்லாமலே பேட்டி முழுவதும் எடுத்தாயிற்று. ஒருவகையில் அதுவும் நல்லதுதான். டேப் உள்ளே இருந்தால் சும்மா நிற்கும்போது சில நிமிடத்தில் கேமரா தானாக அணைந்துவிடும்.

வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இப்போதே மங்குகிறது. அது போனால் என்ன செய்வது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “ஏவி வயரை ஒரு சின்ன டிவில சொருகிட்டுப் பாருங்க தம்பி” என்றார்.