அமெரிக்க லோ ஸ்கூல் ஆலோசனை: ஆவண வேலை சரி, ‘சிறுபான்மைச் சலுகை’ கதை பிழை

மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம், அமெரிக்க லோ ஸ்கூலுக்கு (சட்டக் கல்லூரிக்கு) விண்ணப்பிப்பவர்களுக்குத் தரும் சேவை பற்றியது இது. ஆவண வேலை சுத்தம். பெறுபேற்றுப் பட்டியலைப் பல்கலைக்கழகமே எல்சாக்குக்கு (LSAC, லோ ஸ்கூல் விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு) நேரடியாக அனுப்ப வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

சறுக்குவது, “மகன், நீங்க சிறுபான்மை, இடம் லேசா வரும்” என்கிற இடத்தில்தான். எங்கள் ஏ/எல் முடிவுக்குப் பல்கலைக்கழக இடம் தரும் மாவட்டக் கோட்டாவை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் போல. அமெரிக்காவில் சிறுபான்மைச் சலுகைப் பட்டியலில் வழக்கமாக இருந்தவர்கள் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், பூர்வகுடிகள். தமிழர் அங்கே ஆசியர் கணக்கு. இங்கிருந்து விண்ணப்பிப்பவரோ புள்ளிவிவரத்தில் வெறும் வெளிநாட்டு மாணவர். அதற்கு மேல், 2023 யூன் 29இல் ஹார்வர்ட், நோர்த் கரோலைனா பல்கலைக்கழக வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான அனுமதியையே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்துவிட்டது.

தன் இனம் வாழ்க்கையைப் பாதித்த விதத்தை விண்ணப்பக் கட்டுரையில் எழுதத் தடையில்லை. ஆனால் அது விண்ணப்பதாரரின் துணிவு, திறமை, செய்த வேலையோடு பொருந்த வேண்டும். நிலையம் தரும் மாதிரிக் கட்டுரையில் முக்கால்வாசி யுத்தமும் சுனாமியும். எழுதியவர் என்ன செய்தார் என்பது கடைசி இரண்டு வரியில். இதைத் தலைகீழாக்க வேண்டும்.

எல்சாட் (LSAT, லோ ஸ்கூல் நுழைவுப் பரீட்சை) கையேடும் பழசு. 2024 ஓகஸ்டில் நீக்கப்பட்ட லொஜிக் கேம்ஸ் (தர்க்கப் புதிர்) பகுதி இன்னும் கிடக்கிறது. 120 முதல் 180 வரையான எல்சாட் புள்ளிதான் அனுமதியில் பெரிதாகக் கணக்கில் வரும். ஆவணப் பொதிக்கு மட்டும் காசு கட்டுங்கள்.