யூரிக் ஆசிட் மாத்திரை: நாலு வருஷ அனுபவம்

2021 ஆவணியில் ஒரு கெடா விருந்துக்குப் போய்வந்த ராத்திரி, வலது கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது. போர்வை உரசினாலே உயிர் போனது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள், வலி இரட்டிப்பானது. தாராபுரத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் யூரிக் ஆசிட் 9.2. அது அளவு மீறி மூட்டில் உப்பாகப் படிகிற கவுட் என்கிற மூட்டு வாதம்தான் இது.

வீக்கம் வடிந்த பிறகு டாக்டர் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் ஆரம்பித்தார். துணைக்கு, வலி வராமல் தடுக்க கோல்ச்சிசின் 0.5 மில்லிகிராம், தினம் ஒன்று. மூணாவது வாரம் இடது கணுக்கால் பிடித்துக்கொண்டது. அப்போது எங்கள் காட்டில் கண்வலிக்கொடி (செங்காந்தள்) பூத்திருந்தது. காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய் பிடிக்காது. என்னால் வரப்பு தாண்ட முடியவில்லை. மாத்திரைதான் காரணம் என்று இரண்டையும் நானே நிறுத்திவிட்டேன். தையில் முழங்கால் வீங்கியது.

"ஏனுங்க நிறுத்துனீங்க? மூட்டுல படிஞ்ச உப்பு கரையறப்போ வலி வரத்தான் செய்யும். அதுக்குத்தானுங்க கோல்ச்சிசின்" என்றார் டாக்டர். இதை முதல் நாளே யாராவது எனக்கு அழுத்திச் சொல்லியிருக்கலாம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: ஆரம்ப மாதங்களில் வலி வந்தால் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஆனால் தோலில் தடிப்பு, அரிப்பு வந்தால் கதையே வேறு. உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

மறுபடி அலோபியூரினால் 100, அப்புறம் 200, 300. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ரத்தப் பரிசோதனை, கிட்னியும் சேர்த்து. 6க்குக் கீழே வர வேண்டும் என்பதுதான் குறி. எட்டாவது மாதம் 5.4. கோல்ச்சிசினை டாக்டரே நிறுத்தினார்.

அந்த கோல்ச்சிசினை எடுப்பதே நாங்கள் மூலனூர் பக்கம் விளைவிக்கிற கண்வலி விதையிலிருந்துதான். அதைக் கேட்டுவிட்டு, "அப்போ கிழங்கையே அரைச்சுக் குடிக்கலாமே" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஐயோ, வேண்டாம். கிழங்கும் விதையும் கொடிய விஷம், உயிர் போய்விடும். கோல்ச்சிசின் மாத்திரையே அளவு மீறினால் ஆபத்து, வயிற்றுப்போக்கு கண்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

குடல், ஈரல், பீர் மூன்றையும் விட்டுவிட்டேன். பத்தியத்தால் மட்டும் எனக்கு 8.5க்குக் கீழே இறங்கவில்லை. கொள்ளுப் பருப்பும் அரிசிம்பருப்பும் வழக்கம்போல் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

இப்போதும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அலோபியூரினால் 300 ஒன்று. கடைசியாக வலி வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. போன ஐப்பசியில் பதினோரு மணி வரைக்கும் நின்று நானே பூத் தொட்டேன்.