இலட்சக்கணக்கான கோப்புகளுக்கு ஆர்சிங்க்: பயன்படுத்திப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

பினாங்கில் சங்கக் கூட்டக் குறிப்பேடுகளையும் திருவிழா அழைப்பிதழ்களையும் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களையும் ஸ்கேன் செய்து சேர்த்து வருபவர்களுக்குக் கோப்புகளின் எண்ணிக்கை எவ்வளவு விரைவில் இலட்சங்களைத் தொடும் என்பது தெரியும். பக்கத்துக்கு ஒரு படம், அதற்கொரு சிறிய பிரதி, படத்திலிருந்து மென்பொருள் படித்தெடுத்த எழுத்துணரிப் பனுவல் என்று ஒரே மலர் நூற்றுக்கணக்கான கோப்புகளாகிவிடுகிறது. 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் இத்தீவில் ஏறிய வெள்ளத்தைப் பார்த்தவர்கள், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு வன்தட்டுகளை இரண்டு காப்பு நகல்களாகக் கருத மாட்டார்கள். ஆகவே ஒரு நகல் வீட்டிலும் இன்னொன்று கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்தில் உறவினர் வீட்டுக் கணினியிலும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்காக நான் தேர்ந்தெடுத்தது, தட்டச்சிடும் கட்டளைகளால் இயங்கி, கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) என்ற கட்டளைவரிக் கருவி. அதன் நிறைகுறைகளை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட இக்கருவி, ஒரு கோப்பின் அளவும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரமும் இரு பக்கமும் ஒத்திருந்தால் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கடந்து செல்கிறது. இலட்சம் கோப்புகளில் நேற்று சேர்ந்த நாற்பதை மட்டும் எடுத்துச் செல்லும் வேகம் இதிலிருந்துதான் வருகிறது. மின்சாரம் போய்ப் பாதியில் நின்றாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். முடிந்தவற்றை விட்டுவிட்டு மீதியைத் தொடரும். கோப்புறையை இழுத்துவிட்டு நகலெடுக்கும் முறையில் நின்ற இடத்தைத் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

2008இல் வந்த 3.0.0 பதிப்புக்கு முன்பு, கோப்புகளின் முழுப் பட்டியலையும் நினைவகத்தில் கட்டி முடித்த பிறகே நகலெடுப்பு தொடங்கும். இப்போது பட்டியல் வளர வளர வேலையும் நடக்கிறது. முன்னேற்றத்தைக் காட்டும் வரியில் மொத்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதைக் கண்டு புதியவர்கள் திகைப்பதுண்டு. பட்டியல் இன்னும் முடியவில்லை என்பதற்கு மேல் அதில் வேறொன்றுமில்லை. மேக் கணினிகளோடு பல ஆண்டுகளாக வந்தது 2.6.9 என்ற பழைய பதிப்பு என்பதால், அவற்றைப் பயன்படுத்துபவர்கள் புதிய பதிப்பைத் தனியாக நிறுவிக்கொள்வது நல்லது. 2025 ஜனவரியில் வந்த 3.4.0 கடுமையான பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்தது. வலையமைப்பு வழியாகப் பயன்படுத்துவோர் அதற்குக் கீழே நிற்கக் கூடாது.

மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் நுட்பத்துக்காகத்தான் ஆர்சிங்க் பெரிதும் புகழப்படுகிறது. ஆனால் ஒரே கணினியில் செருகிய வட்டுக்கு நகலெடுக்கும்போது அந்த நுட்பம் இயல்பாகவே அணைந்திருக்கும். கோப்பு முழுதாகத்தான் செல்லும். ஸ்கேன் படங்கள் ஒருமுறை உருவானபின் மாறுவதும் அரிது. எனவே நம்மைப் போன்றவர்களுக்கு அதன் உண்மையான பயன், எதை விட்டுவிடலாம் என்று விரைவாகத் தீர்மானிப்பதில்தான் இருக்கிறது.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் (HFS+) வடிவ வட்டு, ‘கோயில்’ என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை ஏகாரக் குறியாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கிறது; லினக்ஸ் வட்டோ கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிறது. கண்ணுக்கு இரண்டும் ‘கோயில்’தான், ஆனால் ஆர்சிங்க்குக்கு அவை இரு வேறு பெயர்கள். விளைவாக ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் உள்ள கோப்புகள் மட்டும் இரட்டிப்பாகின்றன. ‘பள்ளி’ தப்பிக்கிறது, ‘தோட்டம்’ மாட்டிக்கொள்கிறது. இதற்கென்றே இருக்கும், கட்டளையோடு சேர்க்கும் ‘ஐகான்வ்’ (--iconv) தெரிவை மேக் பக்கத்திலிருந்து கொடுத்தால் பெயர்கள் ஒழுங்காகின்றன. அடுத்தது நீளம். விண்டோஸ் வட்டு ஒரு பெயரில் 255 குறிகளை (எழுத்தையும் அதன் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணி) ஏற்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) வட்டு வடிவம் ஏற்பது 255 பைட்டுகளை. ஒரு தமிழ்க் குறி 3 பைட்டு என்பதால் அங்கே 85 குறிகளோடு முடிந்துவிடும், ‘கொ’ என்பதே இரண்டு குறி. சங்கத்தின் முழுப்பெயர், விழா, ஆண்டு என்று நீட்டி எழுதிய பெயர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆர்சிங்க் அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை முடித்து, கடைசி வரியில் 23 என்ற குறியெண்ணைத் தருகிறது. அந்த எண்ணைக் கண்டால் மேலே சென்று விடுபட்டவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். மொழி அமைப்பு சரியில்லாத கணினியில் ‘க’ என்பது திரையில் \#340\#256\#225 என்று தெரியும்; கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, எட்டுபிட் வெளியீட்டுத் தெரிவைச் சேர்த்தால் தமிழாகவே தெரியும்.

‘டெலீட்’ தெரிவு, மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்கும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் உள்ளடக்கமும், இல்லாவிட்டால் கோப்புறையுமே செல்லும் என்ற விதியும் இதோடு சேரும்போது, ஒரு கோட்டின் தவறில் நகல் காலியாகக்கூடும். எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் ‘டிரை-ரன்’ தெரிவைக் கொடுத்து, எவை நீங்கும் என்ற பட்டியலைப் படித்த பிறகே உண்மைக் கட்டளையைத் தர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய நிலைகளையும் வைத்திருக்க ‘லிங்க்-டெஸ்ட்’ உதவுகிறது. மாறாத கோப்புகளுக்கு வன்இணைப்பு (ஏற்கெனவே உள்ள அதே கோப்பைச் சுட்டும் இன்னொரு பெயர்) மட்டும் போடுவதால், ஒவ்வொரு நாளின் நகலும் முழுமையானதாகத் தோன்றினாலும் இடம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கையடக்க வட்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவில் கிடைக்கின்றன; அதில் வன்இணைப்பு இயலாது என்பதால் முதலில் எக்ஸ்ட்4ஆக மாற்ற வேண்டும்.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: அளவும் நேரமும் மாறாமல் உள்ளே சிதைந்துபோன படத்தை ஆர்சிங்க் தானாகக் கண்டுபிடிக்காது. கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் ‘செக்சம்’ தெரிவையும் ‘டிரை-ரன்’னையும் சேர்த்து அவ்வப்போது ஓட்டினால் வேறுபட்டவை பட்டியலில் வரும், இரு பக்கமும் எல்லாக் கோப்புகளையும் படிக்க வேண்டியிருப்பதால் அது இரவெல்லாம் ஓடும் வேலை. சேமித்த நகலை மறையாக்கும் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும்) வசதியும் இதில் இல்லை. ரெஸ்டிக் என்ற இன்னொரு காப்பு நகல் கருவி மறையாக்கத்தைச் செய்கிறது. கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒரே துண்டை இருமுறை சேமிக்காமல், எல்லாவற்றையும் மறையாக்கி வைக்கிறது. ஆனால் அதன் கடவுச்சொல் தொலைந்தால் சேகரிப்பு முழுவதும் தொலைந்ததுதான், திறப்பதற்கும் ரெஸ்டிக்கே வேண்டும். ஆர்சிங்க் எடுத்த நகலை நாளை சங்கத்தின் அடுத்த செயலாளர் எந்தக் கருவியும் இல்லாமல் திறந்து படிப்பார். அதனால் பொதுவில் வைக்கத்தக்க மலர்களையும் அழைப்பிதழ்களையும் ஆர்சிங்க்கிடமும், அடையாள அட்டை எண்கள் உள்ள உறுப்பினர் பதிவேடுகளை ரெஸ்டிக்கிடமும் ஒப்படைத்திருக்கிறேன். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.